முதலில் புஷ், அப்புறம்தான் காயிலோவர்

ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எந்த ரூமுக்குள் நுழைந்தாலும் ஏதோ ஒரு லேப்டாப்பில் கார் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். போன வாரம் எங்கள் ரூமில் ஓடியது ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. ஒரு ஆள் தன் வீட்டு கேரேஜில் அந்தக் காரின் சஸ்பென்ஷனை முழுசாகக் கழற்றி ஓவர்ஹால் பண்ணுகிறார். துருப்பிடித்த போல்ட்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறார். அப்புறம் பழைய ரப்பரை பிரஸ்ஸில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த நண்பன் ஒருவன் சொன்னான்: "டேய், ஃபார்வர்ட் பண்ணுடா. காயிலோவர் போடுற சீன் எப்போ வரும்?"

இந்தக் கட்டுரை அந்த 'ஃபார்வர்ட் பண்ணு'க்கு எதிராக எழுதியது. வயதான ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனில் வேலை என்றால், நாம் ஓட்டித் தள்ள நினைக்கும் அந்த ரப்பர் சீன்தான் முக்கியமான சீன் என்பது என் கருத்து.

கார் எப்படிப்பட்டது?

எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறை 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமானது. 1.6 லிட்டர் இன்ஜின், பின் சக்கர டிரைவ், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. பவரை வைத்துப் பெயர் வாங்கிய கார் இல்லை இது. ஓட்டுபவனும் வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும், குதிரையும் சவாரிக்காரனும் போல, என்பதுதான் அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். அதற்காக நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் கொடுத்தார்கள். அதாவது மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். சக்கரம் ஏறி இறங்கும்போது கேம்பர் எப்படி மாற வேண்டும் என்பதை அந்த ஆர்ம்களின் நீளமும் கோணமும் முடிவு செய்கின்றன. நம்ம ஃபார்முலா டீம் காரிலும் இதே அமைப்புதான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஆர்ம் என்றால் நான்குக்கு எட்டு. ஒவ்வொரு ஆர்மும் உள்பக்கம் இரண்டு இடத்தில் வண்டியோடு சேர்கிறது. ஆக, உள்பக்க புஷ் மட்டுமே பதினாறு. இது போக ஸ்டெபிலைசர் பார் புஷ், லிங்க், பால் ஜாயிண்ட் எல்லாம் தனிக் கணக்கு. டிசைனர் கணக்குப் போட்டு வைத்த அந்த அழகான ஜியோமெட்ரி முழுவதும் இந்தப் பதினாறு ரப்பர் துண்டுகளை நம்பித்தான் நிற்கிறது.

அந்தத் தலைமுறையின் கடைசி வண்டி வந்தது 1997இல். அதற்கே இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. "வண்டி அதிகம் ஓடவே இல்ல, ஷெட்லயேதான் நின்னுச்சு" என்று விற்பவர் சொல்வார். ரப்பருக்கு அந்தக் கதை செல்லாது. கிலோமீட்டர் ஓடினால் மட்டும் கெட்டுப்போகிற பொருள் இல்லை அது. ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் போதும். நின்ற இடத்திலேயே இறுகி, வெடித்து, இரும்பிலிருந்து பிரிந்துவிடும்.

புஷ் தேய்ந்தால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மேல் பால் ஜாயிண்டுக்கும் கீழ் பால் ஜாயிண்டுக்கும் இடையே 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் ஆர்ம் புஷ் தேய்ந்து, வளைவில் திரும்பும்போது ஆர்ம் 2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. 2ஐ 250ஆல் வகுத்து டிகிரிக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 0.46. அதாவது கேம்பர் அரை டிகிரி தானாக மாறுகிறது! வீல் அலைன்மென்ட் கடையில் கால் டிகிரிக்கு மெனக்கெட்டு செட் பண்ணுகிறோம். வண்டி முதல் வளைவுக்குப் போனதும் புஷ் அதைவிட இரண்டு மடங்கை விழுங்கிவிடுகிறது.

பிரேக் போடும்போதும் இதே கதைதான். ஆர்ம் பின்னால் இழுபட, டோ மாறுகிறது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. ஓட்டுபவர் "ஷாக் அப்சார்பர் போயிடுச்சு" என்கிறார். இல்லை சார், போனது கையளவு ரப்பர்.

ஸ்பிரிங் மேல் ஏன் பழி?

"பழைய வண்டி, ஸ்பிரிங் வீக் ஆயிருக்கும்" என்பது அடுத்த நம்பிக்கை. இரண்டாம் வருஷ மெஷின் பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு எதைப் பொறுத்தது? கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, இரும்பின் ஷியர் மாடுலஸ். வயதானதால் இதில் எது மாறியது? ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்து உயரம் குறையலாம். துரு பிடித்துக் கம்பி மெலிந்தால் உடையவும் செய்யலாம், அப்போது கட்டாயம் மாற்ற வேண்டும். மற்றபடி அதன் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். வண்டி துள்ளுவதற்குக் காரணம் டேம்பர். அதன் சீல் தேய்ந்து, ஆயில் கசிந்து, கேஸ் போய்விட்டிருக்கும்.

இங்கேதான் நம்ம ஆட்கள் பண்ணும் பெரிய தப்பு வருகிறது. டேம்பரைத் தொடாமல் 'லோயரிங் ஸ்பிரிங்' மட்டும் வாங்கி மாட்டுவது. கிரிட்டிக்கல் டேம்பிங் என்பது விறைப்பையும் நிறையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் வருவது. ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு விறைப்பாக்கினால் அது 1.41 மடங்கு கூடும். டேம்பர் அதேதான் என்றால், 0.3 ஆக இருந்த டேம்பிங் விகிதம் 0.21க்கு இறங்கிவிடும். விறைப்பான ஸ்பிரிங் போட்ட வண்டி முன்பைவிட அதிகம் துள்ளுகிறது. காசு கொடுத்து வாங்கிய துள்ளல்!

உயரத்தை 40 மில்லிமீட்டர் குறைத்தால், சக்கரம் மேலே ஏற இருந்த இடத்திலும் அதே 40 போகிறது. இந்த எம்எக்ஸ்-5இல் ஏற்கெனவே அந்த இடம் தாராளம் இல்லை. அதனால் பம்ப் ஸ்டாப்பும் சஸ்பென்ஷனின் ஒரு அங்கமாகவே வேலை செய்கிறது. பழைய வண்டியில் அந்த ஃபோம் கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிரும். வளைவின் நடுவில் சக்கரம் முட்டினால் விறைப்பு திடீரென்று எகிறும். முன்னால் முட்டினால் வண்டி திரும்பாது, பின்னால் முட்டினால் வால் ஆடும். போட்டோவில் மட்டும் சூப்பராக இருக்கும்.

ஒழுங்கான ஓவர்ஹால் எப்படி?

முதலில் சோதனை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. அப்புறம் பக்கவாட்டில். லீவர் கொடுத்து ஒவ்வொரு புஷ்ஷையும் நெம்பிப் பார்ப்பது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்தது கழற்றுவது. இந்த காரில் கீழ் ஆர்மின் உள்பக்க போல்ட்களில் கேம் இருக்கிறது. அதைத் திருப்பித்தான் கேம்பர் செட் பண்ண வேண்டும். பல வருஷமாகத் திருப்பாத போல்ட் புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். சில நாட்கள் முன்பிருந்தே ஆயில் விட்டுப் பார்க்கலாம். அசையவில்லை என்றால் இரண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வீடியோவில் அந்த ஆள் மல்லுக்கட்டியது இதோடுதான்.

பொருத்தும்போது ஒரு விஷயத்தை யாரும் மறக்கக் கூடாது. ரப்பர் புஷ்ஷில் எதுவும் வழுக்கிச் சுற்றுவதில்லை. உள்குழாய் போல்ட்டோடு இறுகி நிற்கும், வெளிக்கூடு ஆர்மோடு திரும்பும், நடுவில் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் என்ன ஆகும்? 300 மில்லிமீட்டர் ஆர்மின் முனை 80 மில்லிமீட்டர் மேலே வந்தால் சுமார் 15 டிகிரி. வண்டி சும்மா நிற்கும்போதே புது ரப்பர் அவ்வளவு முறுக்கில் இருக்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். ஆகவே கடைசி டார்க், வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான். நம்ம ஊர் ஹேட்ச்பேக்கின் லோயர் ஆர்முக்கும் இதே விதிதான்.

பாலியூரிதேன் புஷ் போடலாமா? போடலாம். சீக்கிரம் கெடாது, ஆட்டம் குறைவு. ஆனால் அது குழாயின் மேல் வழுக்கிச் சுற்றும் வகை. கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், ரோட்டின் அதிர்வும் உள்ளே அதிகம் வரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு என் ஓட்டு ரப்பருக்கே.

எதிர்வாதம்

"புஷ் மாத்துற கூலியும் நேரமும் பார்த்தா, ஒரு மதியத்துல காயிலோவர் மாட்டிடலாமே? மாட்டினா வித்தியாசம் தெரியுதே?" நியாயமான கேள்விதான். வித்தியாசம் தெரியும். செத்துப்போன டேம்பரை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் தெரியாமல் இருக்குமா? ஆனால் அது காயிலோவரின் பெருமை இல்லை, புது டேம்பரின் பெருமை. டிராக்கில் ஓட்டுபவருக்கு விறைப்பான ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் டேம்பரும் தேவைதான். அதையும் ஆட்டமில்லாத ஆர்ம்களின் மேல் போட்டால்தான் பலன். மாஸ்டாவே 2017இல் இந்தப் பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட டிசைன் நல்ல டிசைன்தான், தேய்ந்ததை மாற்றினால் திரும்ப வரும் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒரு கம்பெனி அதைச் செய்யாது.

நம்ம கதை

இதெல்லாம் பெரிய மேதை மாதிரி எழுதுகிறேன். உண்மையில் எனக்கு இது தெரிய வந்தது அவமானப்பட்டுத்தான். எங்கள் டீம் கார் டெஸ்டிங்கில் பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுத்தது. மூன்று வாரம் சாஃப்ட்வேரில் ஸ்பிரிங் ரேட் மாற்றி, கேம்பர் மாற்றி, மீட்டிங் மேல் மீட்டிங் போட்டோம். கடைசியில் லேப் அண்ணன் வந்து முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். 'டக்' என்று சத்தம். "தம்பி, ஸ்பிரிங்கைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல இந்த ஆட்டத்தைப் பாருங்க" என்றார். போன பேட்ச் மாட்டிய ராட் எண்ட் தேய்ந்திருந்தது. மூன்று வாரத்தில் எங்களில் ஒருவன்கூட சக்கரத்தைத் தொட்டு ஆட்டிப் பார்க்கவில்லை.

காரணம் எங்கள் சோம்பல் மட்டும் இல்லை. நமக்குப் புதுசாக டிசைன் பண்ணத்தான் மார்க். பழசை அவிழ்த்து, எது தேய்ந்தது என்று கண்டுபிடித்து, திரும்ப அதன் அளவுக்குக் கொண்டுவருவதற்கு மார்க்கே கிடையாது. 'அது மெக்கானிக் வேலை' என்று ஒரு இளக்காரம் வேறு. ஆனால் ஒரு டிசைன் எங்கே தோற்கிறது என்று சொல்லித்தரும் புத்தகம் தேய்ந்த பாகம்தான்.

டிபார்ட்மென்டுக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு பழைய காரின் முன் சஸ்பென்ஷன் கொடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம், ஸ்கிராப்பில் கிடைக்கும் எந்த காரும் போதும். பிரஸ் நம்ம லேபிலேயே இருக்கிறது. அவிழ்த்து, அளந்து, புஷ் மாற்றி, ரைடு உயரத்தில் இறுக்கி, முன்னும் பின்னும் அலைன்மென்ட் ரிப்போர்ட் வைத்து ஒப்படைக்கட்டும். கடையில் வாங்கிவரும் ரெடிமேட் ஃபைனல் இயர் ப்ராஜெக்டைவிட அது எவ்வளவோ மேல்.

நண்பனுக்கும் ஒன்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை அந்த வீடியோவை முழுசாகப் பார்க்க வேண்டும், ஃபார்வர்ட் கிடையாது. "சரிடா, ஆனா நீ காயிலோவர் சீனுக்கு ஸ்கிப் பண்ணச் சொல்லாம இருந்தா சரி" என்கிறான். பார்க்கலாம்.