ஜப்பான் டூர் போறீங்களா? கேமராவோடு இந்த ஒரு வரியையும் எடுத்து வெச்சுக்கோங்க!

கேனான், நிக்கான், சோனி என உலகத்துக்கே கேமரா விற்கும் நாடு ஜப்பான். ஆனால், அங்கே விற்பனையாகும் மொபைல்களில் சத்தமில்லாமல் படம் எடுக்க முடியாது. போனை சைலன்ட்டில் போட்டாலும் 'க்ளிக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். பெண்களைத் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்க, மொபைல் நிறுவனங்கள் தாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு இது. இதற்கென்று தனிச்சட்டம் கிடையாது.

2024-ல் மட்டும் ஜப்பானுக்குப் போன வெளிநாட்டினர் 3 கோடியே 68 லட்சம் பேருக்கும் மேல். அவர்களில் பலரும் தேடிப்போகும் இடம், கியோட்டோ நகரின் கியோன் பகுதி. மரவீடுகள் வரிசைகட்டி நிற்கும் சந்துகளில், மாலை நேரத்தில் வெள்ளைப் பூச்சு முகமும் பட்டு கிமோனோவுமாக 'மாய்கோ' பெண்கள் வேகவேகமாக நடந்துபோவார்கள். பாட்டும் நடனமும் பயிலும் கலைஞர்கள் இவர்கள். பலர் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து சில வருடங்கள்கூட ஆகாத டீன் ஏஜ் பிள்ளைகள்.

அவர்கள் போவது வேலைக்கு. ஆனால், வழிமறித்துப் படம் எடுப்பது, பின்னாலேயே ஓடுவது, கிமோனோவைப் பிடித்து இழுப்பது என்று சிலர் எல்லை மீற, பொறுத்துப் பார்த்த கியோன் மக்கள் 2019-ல் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். 'தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம்.' நம் பணத்தில் 5,000 ரூபாய்க்கு மேல்! அதற்கும் அடங்காததால், 2024-ல் சில சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையவே தடை வந்தது.

அதே ஆண்டு மே மாதம் ஃபியூஜி மலை அடிவாரத்திலும் இதே கதை. ஃபியூஜிகவாகுச்சிகோ ஊரில், ஒரு கடையின் கூரைக்கு மேலே மலை எழுந்து நிற்பதுபோலப் படம் எடுக்கக் கூட்டம் குவிந்தது. குறுக்கும் நெடுக்குமாகச் சாலையைக் கடந்தார்கள், குப்பை சேர்ந்தது. வேறு வழியில்லாமல் இரண்டரை மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரையைக் கட்டியது ஊர் நிர்வாகம். ஆகஸ்ட்டில் திரையை எடுத்துவிட்டார்கள்.

ஹொக்கைடோ தீவின் பியெய் ஊரில் நடந்ததைத்தான் திருத்தவே முடியாது. வயல் நடுவே சாய்ந்து நின்ற பாப்லர் மரத்துக்கு 'தத்துவ மரம்' என்று பெயர். நல்ல கோணம் கிடைக்கட்டும் என்று பலர் விளைநிலத்துக்குள் இறங்கி மிதித்தார்கள். வெளியிலிருந்து வரும் காலணி மண்ணோடு பயிர் நோயும் வரலாம் என்பது விவசாயிகளின் பயம். சொல்லிச் சொல்லிப் பார்த்த நிலத்துக்காரர், வயதாகித் தளர்ந்திருந்த அந்த மரத்தை 2016 பிப்ரவரியில் வெட்டிவிட்டார். இப்போது அந்த மரம் இருப்பது படங்களில் மட்டும்தான்.

இதற்காகக் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. கடைக்காரரோ, கைவினைக் கலைஞரோ, முன்னால் நின்று 'சுமிமாசென்' என்று லேசாகத் தலைகுனிந்து, 'ஷஷின் ஓ தொத்தெமோ ஈ தெஸ் கா?' என்று கேட்டால் போதும். 'மன்னிக்கணும், படம் எடுக்கலாமா?' என்று அர்த்தம். சம்மதம் என்றால் தலையசைப்பார்கள். 'சோத்தோ...' என்று இழுத்தாலோ, கைகளைக் குறுக்காக வைத்துக் காட்டினாலோ வேண்டாம் என்று பொருள். முகத்துக்கு நேராக மறுத்துப் பேசத் தயங்குபவர்கள் அவர்கள். அந்தத் தயக்கத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேமராவை மூடினால்தான் கிடைக்கும் காட்சிகளும் உண்டு. கியோட்டோவின் சன்ஜூசன்கென்தோ கோயிலில், சுமார் 120 மீட்டர் நீள மண்டபத்தில் 1,001 கன்னோன் சிலைகள் நிற்கின்றன. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அத்தனை சிலைகளில், நாம் பார்க்க ஏங்கும் ஒருவரின் முகச்சாயல் எதிலாவது நிச்சயம் இருக்கும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதைத் தேட லென்ஸ் உதவாது. வரிசை வரிசையாக நிதானமாகப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.