குதிரையைக் கேட்டுப் புறப்படுவோம்

விடுமுறை நெருங்கினால் போதும், விடுதி அறைகளில் ஊர்ப் படங்கள் விரியத் தொடங்கிவிடும். இவ்வாண்டு நம் நண்பர்கள் எண்மர் தீட்டிய திட்டம் சற்றே புதுமையானது. செஞ்சிக்கு அப்பால் பாக்கமலை அடிவாரத்தில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்குவது. போக வரக் குதிரை! மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வரும் குதிரைகள் இரண்டு. காலம், சித்திரை மாதம்.

திட்டத் தாளை என்னிடமும் காட்டினார்கள். அரிசி, பருப்பு, கூடாரம், டார்ச்சு, கிதார், படம் எடுக்க வேண்டிய இடங்கள் என்று இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. குதிரையைப் பற்றி ஒரே ஒரு வரி: 'குதிரை 2, வாடகை.' அந்த ஒரு வரியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

நான் பயணத்துக்குப் பகைவன் அல்லன். நம் வட்டாரமே பயணத் திட்டத்துக்குப் பெயர் பெற்றதாயிற்றே! ஆற்றுப்படை என்றால் என்ன? முன்னே போய் வந்தவன், பின்னே போகிறவனுக்கு வழியும் தங்குமிடமும் கிடைக்கும் உணவும் சொல்லி அனுப்புவதுதானே? சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு இந்தத் திண்டிவனத்துச் சீமைதான். அந்நூல் சொல்லும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. அதே நூலில்தான் திருக்கோவலூர்க் காரியும் கொல்லிமலை ஓரியும் வருகிறார்கள். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். மன்னனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் வழங்கிய நாட்டில், நம் தாளில் குதிரைக்குப் பெயர்கூட இல்லை, எண்தான் இருக்கிறது.

திருவக்கரைக்குப் போனபோது தாளை என் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரு காலத்தில் மயிலம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தண்ணி எங்கடா நிக்கும்?" என்னிடம் பதில் இல்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். ஒரு பங்குனி உத்திரத்தன்று மயிலத்தில் கூட்டம் தாங்கவில்லை. விடியலிலிருந்து ஓயாத சவாரி. காசு வருகிறதே என்று உச்சி வெயிலில் வண்டி கொள்ளாத ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயில் மலைப்பக்கம் போயிருக்கிறார். ஏற்றத்தில் குதிரை முன்னங்கால் மடங்கி விழுந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. "அது நின்னு நின்னு பாத்துச்சுடா. நாந்தான் சாட்டையை எடுத்தேன்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓரளவு வளர்ந்த குதிரையின் எடை 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு அதற்கு ஏறக்குறைய 6 கிலோ உலர்தீவனம் வேண்டும். இரண்டு குதிரைக்கு மூன்று நாளைக்கு 36 கிலோ. ஊறவைத்த கொள்ளும் உப்பும் தனி. தண்ணீரோ, குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையாது. வெயிலில் உழைத்தால் இரு மடங்கும் ஆகும். சித்திரை மாதத்தில், காய்ந்த மலையடிவாரத்தில், இத்தனை தண்ணீரை யார் சுமப்பது? குதிரையேதான் சுமக்க வேண்டும்! குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் நம்மில் பலர் அறியோம். கண்டதைத் தின்று வயிற்றுவலி கண்டுவிட்டால், கால்நடை மருத்துவர் இல்லாத இடத்தில் அதன் உயிருக்கே ஆபத்து.

சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கென 1965இல் மைய அரசு விதிகள் வகுத்திருக்கிறது. மட்டக்குதிரையின் பொதி 70 கிலோவைத் தாண்டலாகாது. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் பகல் 12 முதல் 3 வரை வேலையே வாங்கலாகாது. நம் நண்பர்களின் தாளிலோ, 'பகல் 12: மலையேற்றம் தொடக்கம்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

குதிரைக்கு மட்டுமா ஆபத்து? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நம் வயதினரும் அவர்களில் இருந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் கூடும் காலத்தில் மலைக்குப் போவதன் பொருள் அது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். வனத்துறை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது.

"தேசிங்குராஜன் குதிரையில் போகவில்லையா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். போனான். வெள்ளம் புரண்ட ஆற்றில் குதிரையை இறக்கிக் கடந்தான் என்று கதைப்பாடல் கொண்டாடுகிறது. 1714இல் போர்க்களத்தில் மாண்டும் போனான். ஆனால் செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்களைப் பாருங்கள். குதிரை லாயம் என்று நமக்குக் காட்டப்படும் கட்டடம் எங்கே இருக்கிறது? அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அருகில். இராஜகிரியின் உச்சிக்குச் செங்குத்துப் படிகளில் மனிதன்தான் ஏறினான். குதிரைக்கு எது வழி, எது வழியன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கடந்த 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற கோட்டை அது. அங்கே படிக்கும் பாடத்தில் இதுவும் ஒன்றாக இருக்கட்டுமே.

மலையில் குதிரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறுமலையில் வாழைத்தார் சுமந்ததும், சாலையில்லாத கொடைக்கானல் மலைச் சரிவில் வெள்ளகவி மக்களுக்கு அரிசி மூட்டை கொண்டு சேர்த்ததும் குதிரைகள்தாம். அவை அந்தத் தடத்தில் பழகியவை. கூடவே குதிரைக்காரரும் நடப்பார். எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் சொல்வார், கூலி கொடுப்பவர்கள் சொல்வதில்லை. நாதசுரத்துக்கும் வெடிக்கும் பழகி, தார்ச்சாலையில் நடந்த மாப்பிள்ளைக் குதிரையைத் திடீரென்று சரளைக்கல் சரிவில் ஏற்றுவது வேறு கதை.

ஆகவே நான் மாற்றுத் திட்டம் ஒன்று கொடுத்திருக்கிறேன். தை மாதம் புறப்படுவோம். திருவக்கரையில் தொடங்கி, சங்கராபரணி ஆற்றை ஒட்டிய ஊர்வழியே செஞ்சிக்குப் போவோம். நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. மூன்று நாள் வைத்துக்கொள்வோம். குதிரை ஒன்று போதும், குதிரைக்காரரோடு. அது கூடாரத்தையும் பாத்திரத்தையும் சுமக்கட்டும், நாம் நடப்போம். கல்மரப் பூங்காவை வெளியிலிருந்து குதிரையும் உள்ளே போய் நாமும் பார்ப்போம் (ஒரு துண்டுக் கல்லையும் எடுத்துவராமல்!). முதல் இரவு வீடூர் அணைப்பக்கம், உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு. அணையில் நீர் இருக்கும், வயல்களில் அறுவடை முடிந்து வைக்கோலும் கிடைக்கும். செஞ்சியில் குதிரையை அடிவார நிழலில் கட்டிவிட்டு, பழைய வீரர்களைப் போல நாம் மட்டும் ஏறுவோம்.

எண்மரில் ஐவர் இசைந்துவிட்டார்கள். மூவர், "இதில் சவாரி எங்கே இருக்கிறது?" என்று இன்னும் முகம் சுளிக்கிறார்கள். தாத்தாவிடம் சொன்னேன். தாளைக் கையில் வாங்காமலே, "குதிரை யாருது? சேணத்தை எடுத்துட்டு முதுகைக் காட்டச் சொல்லு. நான் வந்து பாக்குறேன்" என்றார்.