4 கேபியில் ஒரு மலைத்தொடர்: திருட்டு கேமில் பிறந்த கலை, தேசிய மரபான கதை

காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் குட் மார்னிங் படம் சாதாரணமாக 100 கேபியாவது இருக்கும். 2009-ல் ஜெர்மனியின் பிரேக்பாயிண்ட் போட்டியில் 'எலிவேட்டட்' என்றொரு படைப்பு திரையிடப்பட்டது. பனி மூடிய மலைகள், ஏரி, மேலே பறக்கும் கேமரா, கூடவே இசை. மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும். மொத்த ஃபைல் சைஸ்? வெறும் 4 கேபி. இந்தக் கட்டுரையின் எழுத்துகளைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும்!

அது வீடியோ இல்லை. உள்ளே ஒரு படம்கூட கிடையாது. மலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் கணக்குப் போட்டு, ஓடும்போதே வரைகிறது புரோகிராம். இசையும் ஃபார்முலாவில்தான் பிறக்கிறது. சாப்பாட்டை பார்சல் கட்டாமல் சமையல் குறிப்பை மட்டும் அனுப்புவது மாதிரி. விண்டோஸில் ஏற்கெனவே உள்ள கிராஃபிக்ஸ் வசதிகளையும் பயன்படுத்திக்கொள்கிறது என்பது உண்மைதான். அதனால் சாதனை குறைந்துவிடாது.

இந்தப் படைப்புக்குப் பெயர் டெமோ. இதைச் செய்கிற கூட்டம்தான் டெமோசீன். பூர்வீகம் ஒன்றும் கௌரவமானது இல்லை. 1980-களில் ஐரோப்பாவில் கமடோர் 64 வைத்திருந்த பசங்க, கேம்களின் காப்பி பாதுகாப்பை உடைத்து, ஃப்ளாப்பியில் ஏற்றி, தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். 'உடைச்சது நாங்கதான்' என்று கெத்து காட்ட, கேம் தொடங்கும் முன்பு ஓடும் எழுத்தும் இசையுமாக ஒரு குட்டி அறிமுகத்தை ஒட்டினார்கள். இருந்தது 64 கேபி மெமரி, ஒரே நேரத்தில் மூன்று குரல் மட்டுமே எழுப்பும் ஒரு ஒலி சிப். அதற்குள் யார் அதிகம் பிழிகிறார்கள் என்பதே போட்டியானது. போகப்போக கேம் காணாமல் போய், அறிமுகமே படைப்பாகிவிட்டது.

1993-ல் ஃபின்லாந்தின் அசெம்பிளி விழாவில் ஃபியூச்சர் க்ரூ குழுவின் 'செகண்ட் ரியாலிட்டி' முதலிடம் பிடித்தது. ஆபீஸ் கணக்குக்குத்தான் லாயக்கு என்று அமிகா ரசிகர்கள் கிண்டலடித்த பிசியில் அதை ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் 1995-ல் தொடங்கிய ரெமெடி நிறுவனம்தான் பின்னாளில் 'மேக்ஸ் பெய்ன்' தந்தது. 'பேட்டில்ஃபீல்ட்' தந்த ஸ்வீடனின் டைஸ் நிறுவனமும் ஓர் அமிகா டெமோ குழுவின் வாரிசுதான்.

2020-ல் ஃபின்லாந்து டெமோசீனைத் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்து ஜெர்மனியும் போலந்தும். இதை 'யுனெஸ்கோ அங்கீகாரம்' என்று சொல்வது சரியல்ல. யுனெஸ்கோ உடன்படிக்கையின் கீழ் அந்தந்த நாடு வைத்திருக்கும் சொந்தப் பட்டியல் இது. உலகப் பட்டியல் வேறு.

பட்டியலில் பெயர் ஏறியது நல்ல விஷயம். ஆனால், மரபு என்று சொல்லிவிட்டு விழாவில் பரிசு வாங்கியதை மட்டும் பத்திரப்படுத்தி, திருட்டு கேமோடு ஒட்டியிருந்த முதல் அறிமுகங்களை ஓரங்கட்டினால் பாதிக் கதைதான் மிஞ்சும். வேர் அங்கேதான் இருக்கிறது. யூடியூப் பதிவும் போதாது. அந்தக் கருவியில் நேரடியாக ஓடினால்தான் அது டெமோ.

ஃபியூச்சர் க்ரூ 2013-ல் 'செகண்ட் ரியாலிட்டி'யின் சோர்ஸ் கோடை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1980-களின் ஃப்ளாப்பிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றின் காந்தப் பூச்சு உதிர்வதற்குள் காப்பி எடுத்துவைப்பது பெரும்பாலும் பழைய ரசிகர்கள்தான், சம்பளம் இல்லாமல்.