பூட்டு இருந்தது, சாவி போயிற்று!

ஊருக்குப் புறப்படுவது என்றால் நமக்கு இரண்டு நாள் வேலை. புளியோதரை, முறுக்கு, குழந்தைக்கு மாற்றுத் துணி, ஓமவாட்டர் பாட்டில் என்று ஒன்று விடாமல் நினைவாக எடுத்து வைப்போம். எடுத்து வைத்ததெல்லாம் நம்மோடு ஊர் போய்ச் சேர வேண்டுமே, அந்த விஷயத்தில் மட்டும் ‘பார்த்துக்கலாம்’ என்று இருந்துவிடுகிறோம். போன வருஷம் வரை நானும் அப்படித்தான்.

நாத்தனார் பெண்ணின் வளைகாப்புக்காக ராத்திரி ரயிலில் கிளம்பினோம். ஸ்லீப்பர் வகுப்பு. எனக்குக் கீழ் பெர்த், இவருக்கு நடு பெர்த். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, அங்கே இருக்கும் கம்பி வளையத்தில் சங்கிலியைக் கோத்துப் பூட்டினேன். இரண்டு தரம் இழுத்தும் பார்த்தேன். உள்ளே பட்டுப் புடவையும் ஒரு ஜோடி தங்க வளையலும் இருக்கிறதே! சாவியைக் கைப்பையில் போட்டு, பையைத் தலைமாட்டில், நடைபாதை ஓரமாக வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன்.

விடியற்காலை நாலு மணிக்கு இவர் எழுப்பினார். “ஊர் வந்துடுச்சு, இரண்டு நிமிஷம்தான் நிக்கும், சாவியைக் கொடு.”

“பையிலே இருக்குங்க.”

“பை எங்கே?”

பை இல்லை. யார் எடுத்தார்கள், எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள், யாருக்குத் தெரியும்? பெட்டியோ சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறது, அசைய மறுக்கிறது. எதிர் பெர்த்திலிருந்த மெக்கானிக் தம்பி ஒருவர் தன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வளையத்துக்குள் விட்டு ஒரே திருகு. பூட்டு வாயைப் பிளந்துவிட்டது! “இதுக்குப் போயி பூட்டுன்னு பேர் வச்சிருக்கீங்களேக்கா” என்றார். பத்து வருஷமாக அந்தப் பூட்டை நம்பித்தான் நான் தூங்கியிருக்கிறேன்.

போனும் மூக்குக்கண்ணாடியும் போனது கூடப் பெரிதில்லை. அந்தப் பையில் வீட்டுச் சாவி இருந்தது. கூடவே ஆதார் அட்டையும் இருந்தது. திருடன் கையில் சாவியையும் கொடுத்து, விலாசத்தையும் கொடுத்து, வீட்டில் ஆளில்லை என்ற சேதியையும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! பொழுது விடிந்ததும் விடியாததுமாக எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் செய்தோம். பூட்டுக்காரரைக் கூட்டி வந்து, வாசல் கதவுக்கு வேறு பூட்டு போட்டுவிட்டு, “போட்டாச்சும்மா, கவலைப்படாம வளையல் அடுக்கு” என்று அவர் சொல்லும் வரை எனக்கு ஒரு வாய் காபி இறங்கவில்லை.

அன்றிலிருந்து சில வழக்கங்கள். வீட்டுச் சாவி ஒன்று என் உள்பாவாடைப் பையில், மற்றொன்று அக்கா வீட்டில். விலாசம் உள்ள எதுவும் சாவியோடு சேருவதில்லை. ஆதாரும் டிக்கெட்டும் இவர் சட்டைப் பையில். பெட்டிக்குச் சாவியே இல்லாத எண் பூட்டு. அதன் எண் எங்கள் இருவருக்கும் மனப்பாடம். (பிறந்த வருஷத்தை எண்ணாக வைக்காதீர்கள். கீழ் பெர்த் கேட்டு நம் வயதைப் பெட்டி முழுக்கச் சொல்லியாகிவிட்டதே!) கைப்பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, பையை உடம்புக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தையின் மருந்தையும் பால் பாட்டிலையும் பணம் இருக்கிற பையில் வைக்காதீர்கள். குழந்தை அழும்போதெல்லாம் அந்தப் பையைத் திறந்து நாலு பேர் பார்க்கப் பர்ஸை நகர்த்த வேண்டி வரும்.

ஜன்னல் ஓரத்தில் கழுத்துச் சங்கிலி தெரிய உட்காருவதும் வேண்டாம். சிக்னலுக்காக வண்டி தயங்கி நிற்கும் இடங்களில் கம்பி வழியே கை வரும். இருட்டினால் ஷட்டரை இறக்கிக் கொக்கி போட்டுவிடுங்கள்.

பொருள் போய்விட்டால் நடுவழியில் இறங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று எனக்கும் தெரியாது. டிக்கெட் பரிசோதகர், கார்டு, கூட வரும் போலீஸ்காரர் இவர்களிடமே புகார்ப் படிவம் கேட்டு வாங்கலாம். நிரப்பிக் கொடுத்தால் அவர்கள் உரிய ரயில்வே போலீஸ் நிலையத்துக்கு அனுப்புவார்கள். பயணத்தை முறிக்க வேண்டாம். 139 என்ற எண்ணையும் கூப்பிடலாம். போன் திருட்டுப் போனால் முதலில் சிம்மையும் வங்கிக் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு போலீஸ் புகார் நகலை வைத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். இந்த வசதி நாடு முழுவதற்கும் 2023 மே மாதம் வந்தது. அதற்குப் போனின் 15 இலக்க எண் வேண்டும். ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் திரையில் வரும். இன்றைக்கே பார்த்து, பால் கணக்கு நோட்டில் குறித்து வைத்துவிடுங்கள்.

ரயில்வே நஷ்டஈடு தருமா என்று கேட்பீர்கள். நம் கையோடு கொண்டுபோகும் சாமானுக்கு, ரயில்வேயின் அல்லது அதன் ஊழியர்களின் கவனக்குறைவு என்று நிரூபித்தால்தான் பொறுப்பு. 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 100ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயை ரயிலில் பறிகொடுத்தவருக்கு நுகர்வோர் மன்றங்கள் பணம் தரச் சொல்லின. 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது.

எதிர்வீட்டு அக்கா என்றேனே, அவர் மகனுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. கியர் வைத்த சைக்கிள், 20,000 ரூபாய் சமாசாரம், அதையும் கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ரயிலில் சைக்கிளைப் பார்சல் ஆபீசில் புக் செய்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். வண்டி புறப்படுவதற்கு அரை மணிக்கு முன்னாலாவது கொண்டுபோய் விட வேண்டும். பேரும் ஊரும் எழுதிய சீட்டைக் கெட்டியாகக் கட்ட வேண்டும். பழைய சீட்டு இருந்தால் கிழித்துவிட வேண்டும். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். மதிப்பை எழுதிக் கொடுப்பதைத்தான் செய்வதில்லை. சும்மா புக் செய்தால், தொலைந்துபோன சாமானுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் வரைதான் கிடைக்கும். சைக்கிள் 15 கிலோ என்றால் 1,500 ரூபாய்! மதிப்பை முன்கூட்டியே எழுதி, அதற்கான சதவீதக் கட்டணத்தையும் கட்டினால்தான் எழுதிய மதிப்பு வரை கேட்க முடியும். “ரசீதை நீயே வச்சுக்கோடா, கூட்டாளி கையில கொடுக்காதே” என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

போன இடத்தில் ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு ஊருக்கு வருகிற பிள்ளைகள் கவனிக்க வேண்டியது: முன் சக்கரத்தை மட்டும் சங்கிலியால் கட்டினால், திரும்பி வரும்போது சக்கரம்தான் இருக்கும். பின் சக்கரத்தில் குத்தும் பூட்டு மட்டும் போட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சங்கிலி வண்டியின் சட்டத்தையும் பின் சக்கரத்தையும் தழுவி, தரையில் ஊன்றிய கம்பத்தையும் சுற்ற வேண்டும். சட்டத்தில் ஓர் எண் குத்தியிருக்கும். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில், சில வண்டிகளில் சீட்டுக்குக் கீழே. அதைப் போட்டோ எடுத்து அம்மாவின் போனுக்கும் அனுப்பி வைக்கட்டும். ஆயிரம் கறுப்பு சைக்கிளுக்கு நடுவில் ‘இது என்னுது’ என்று போலீசிடம் சொல்ல வேறு சாட்சி கிடையாது. கூடிய மட்டும் டோக்கன் தரும் ஸ்டாண்டிலேயே விடச் சொல்லுங்கள். டோக்கனையும் சைக்கிள் சாவியையும் ஒரே பர்ஸில் வைத்தால் எடுத்தவனுக்கு வேலை மிச்சம்.

அக்கா பையன் டோக்கனைச் செருப்புக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தானாம். மழையில் நனைந்து எண் அழிந்துபோய், போட்டோவைக் காட்டித்தான் வண்டியை மீட்டான்.