அடுத்த குறிஞ்சிக்கு முன் ஒரு பழுது

2006-ஆம் ஆண்டு கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது, எம் தந்தையாரின் யாஷிகா மேட் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு குறிஞ்சி ஆண்டவர் கோயிலைச் சுற்றிய சரிவுகளில் அலைந்தோம். சுருளுக்குப் 12 படங்கள்தாம். எனவே எண்ணி எண்ணி எடுத்தோம். 2018-இல் மலை மீண்டும் நீலம் பூண்டபோது அதே கேமராவை எடுத்துப் பொத்தானை அழுத்தினோம். ஷட்டரின் இதழ்கள் திறந்தன, மூடவில்லை.

12 ஆண்டுகளும் அதனைத் தோலுறையிலிட்டு அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தோம். பழுதுக்குக் காரணம் அந்தப் பத்திரமே என்பது பின்னர்தான் விளங்கிற்று. கடையேழு வள்ளல்களுள் ஒருவனான பேகன் ஆண்ட மலை இது. மயிலுக்கு அவன் ஈந்த போர்வையால் மயிலுக்குத் தீங்கேதும் நேர்ந்ததாகச் செய்தி இல்லை. நாம் கேமராவுக்குப் போர்த்திய தோலோ மலைப்பனியின் ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொண்டு, லென்ஸில் பூஞ்சணத்தை வளர்த்துவிட்டது.

இத்தகைய ஷட்டரில் மெல்லிய எஃகு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் அவை திறந்து மூடவேண்டும். ஆகவே இதழ்கள் உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. பயன்படுத்தாத கேமராவில் பற்சக்கரங்களிலிருந்து கசியும் பழைய மசகு இதழ்களில் படர்ந்து பிசினாகிவிடுகிறது. இதனை அறியாத ஒரு கடைக்காரர் எண்ணெய் விட்டுத் தந்தார். இரண்டு நாள் ஓடிற்று. பிறகு முன்னிலும் இறுகிற்று. மதுரையில் ஒரு முதியவர் லென்ஸைக் கழற்றி, இதழ்களைக் கரைப்பானால் திரும்பத் திரும்பத் துடைத்து உலர்த்தி, ஒரு நொடி வேகத்தில் பற்சக்கரம் ஓடும் ஓசையைக் காதருகே வைத்துக் கேட்ட பின்னரே திருப்பித் தந்தார். அந்தச் செவிக்கல்வி எந்த நூலில் உள்ளது என்பதே நம் கேள்வி.

துணித்திரை ஷட்டர்களின் கதை வேறு. ரப்பர் பூசிய கருந்துணி நாளடைவில் வெடித்து ஊசித்துளை விழும். படத்தில் காரணமற்ற ஒளிப்புள்ளிகள் தோன்றும். வேகம் கூடும்போது இரு திரைகளுக்கிடையே ஒரு சிறு பிளவு மட்டுமே பிலிமின் மீது நகர்ந்து, காட்சியைக் கீற்றுக் கீற்றாகப் பதிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்து திரையொன்று பின்தங்கினால் படத்தின் ஒரு பக்கம் இருளும்.

பிளவொன்றின் வழியே கீற்றுக் கீற்றாகப் பதிக்கும் இவ்வித்தைக்குக் கொடைக்கானலிலேயே பெரியதொரு சான்று உண்டு. 1899-இல் நிறுவப்பெற்ற சூரிய ஆய்வகத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே சூரிய வட்டம் இவ்வாறுதான் கண்ணாடித் தகடுகளில் பதிவாயிற்று. 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் இங்கேதான். நூற்றாண்டுக்கால அத்தகடுகள் இன்று கணினிப்படிகளாகிவிட்டன. எவர்ஷெட்டின் பெயர் பாடநூலில் நிலைத்தது, தக்கதே. ஆயினும் பிளவைத் துடைத்து, நகர்வைச் சீராக்கிக் கருவியை நாள்தோறும் ஓடவைத்த கைகள் இன்றி அந்த வரிசை நீண்டிருக்குமா?

'கைபேசி இருக்க இது வீண் ஏக்கம்' என நண்பர் சிலர் நகைப்பர். பிலிம் உயர்ந்தது, கைபேசி தாழ்ந்தது என்று நாம் வாதிடவில்லை. திறந்து பார்த்து, புரிந்துகொண்டு, நம் கையால் திருத்தத்தக்க கருவிகள் அருகிவருகின்றன என்பதே நம் கவலை. அண்டையிலுள்ள நீலகிரியில், 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி 'இந்து' பிலிம் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. பிலிமையாவது வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம். பழுதுநீக்கும் கையை எங்கிருந்து தருவிப்பது?

ஏடுகளைப் பெயர்த்தெழுதுவோர் இருந்தமையால்தான் சங்கநூல்கள் நம்மை வந்தடைந்தன. கட்டி வைத்த ஏடு கரையானுக்கே இரையாயிற்று. கருவிக்கும் அதே விதிதான். கேமரா வைத்திருப்போர் மாதமொரு முறை எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்கட்டும், இழுத்து வைத்த நிலையில் உறங்கவிட வேண்டா, தோலுறையைக் கழற்றிவிடட்டும். தமிழ்த்துறைகளோ இம்முதியவர்களிடம் சென்று அவர்தம் தொழிற்சொற்களையும் செய்முறையையும் தமிழிலேயே பதிவு செய்யட்டும். நாட்டார் பாடலைத் தொகுத்த நமக்கு இது புதிய பணியன்று.

அடுத்த குறிஞ்சி 2030-இல். எம் கேமரா இப்போது இயங்குகிறது. அதனைத் திருத்திய கைகளுக்கோ மாணாக்கர் எவருமில்லை.