நெஞ்சுவலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவதா?

மாரடைப்பில் ஒருவர் இறந்துபோனால், ஆஸ்பத்திரியில் உறவினர்கள் பெரும்பாலும் கேட்க நேர்வது, “ரொம்ப லேட்டா கூட்டிட்டு வந்துட்டீங்க” என்பதைத்தான். துக்கத்தில் நிற்பவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறார்கள். அந்தத் தாமதத்தில் வேறு யாருக்கெல்லாம் பங்கு உண்டு என்று எவரும் விசாரிப்பதில்லை. பழி முழுவதையும் இறந்தவர் தலையிலும் அவர் குடும்பத்தின் தலையிலும் சுமத்திவிட்டு மற்றவர்கள் கைகழுவிக்கொள்வதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘கிரியேட்’ ஆய்வு, இந்தியாவின் 89 மருத்துவமனைகளுக்கு வந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவுசெய்தது. அறிகுறி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர அவர்களில் பாதிப்பேருக்கு 360 நிமிடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதாவது ஆறு மணி நேரம். ரத்தக்குழாய் அடைபட்டு அரை மணி நேரத்துக்குள்ளேயே இதயத் தசை சாகத் தொடங்கிவிடுகிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தரும் பலனை ஆறாவது மணியில் தராது.

அந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது? இரவு பதினொரு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சின் நடுவில் பாறாங்கல்லை ஏற்றி வைத்தாற்போல் அழுத்துகிறது. பனியன் நனைந்து உடம்போடு ஒட்டுகிறது. “கேஸாத்தான் இருக்கும்” என்று அவரே சொல்லிக்கொள்கிறார். மனைவி ஓமத்தைக் கொதிக்க வைக்கிறார். மகன் மெடிக்கலுக்கு ஓடிப்போய் கேஸ் மாத்திரை கேட்கிறான். யாருக்கு, என்ன வயது, வியர்க்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் அட்டையை வெட்டிக் கொடுக்கிறார் கடைக்காரர். விடியட்டும் என்று உட்கார்ந்தே இரவு கழிகிறது. விடிந்ததும் தெருமுனை கிளினிக்.

நம் கோபம் முதலில் அந்த கிளினிக்கின் மீதுதான். ஐம்பதைத் தாண்டிய, சர்க்கரை நோய் உள்ள ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருகிறார். அமிலத்துக்கு ஓர் ஊசி, வலிக்கு இடுப்பில் ஓர் ஊசி, “சாயந்தரம் வரைக்கும் பாருங்க” என்ற ஆறுதல். ஈ.சி.ஜி. எடுக்கவில்லை, எடுக்கும் இடத்துக்கு அனுப்பவும் இல்லை. டாக்டரே பார்த்துவிட்டார் என்ற நிம்மதியோடு குடும்பம் வீடு திரும்புகிறது. மறுபடி வலித்தாலும், போட்ட ஊசி வேலை செய்யட்டும் என்று காத்திருக்கிறது. இடுப்பில் போட்ட அந்த ஊசிகூடத் தொல்லைதான். பிறகு கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் அந்த இடத்தில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளலாம். ஒரு ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலே மாரடைப்பு இல்லை என்றாகிவிடாது, வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியாத ரகசியமா? படித்ததை மறந்தவர்கள் நெஞ்சுவலிக்காரரைத் தொடக்கூடாது.

பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களில் பலருக்கு வலி தாடையிலோ முதுகிலோ மேல்வயிற்றிலோ வருகிறது. சிலருக்கு மூச்சு வாங்கலும் அசதியும் மட்டுமே தெரியும். சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்திருந்தால் வலியே தெரியாமல் போகலாம். பிள்ளைகளுக்கு டிபன் கட்டி அனுப்பிவிட்டு, கணவர் வரும்வரை பொறுத்திருந்து, ஒருவழியாகக் கிளம்பி வருகிறவரிடம் “டென்ஷன்மா, ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லி அனுப்புவது கொடுமை. வீட்டிலுள்ள ஆண்களும் இதில் தப்ப முடியாது. அம்மா ஒருநாள் முடியவில்லை என்று படுத்தால், என்ன செய்கிறது என்று கேட்கக்கூட உங்களுக்கு நேரமில்லையா?

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களை அறியாதவர்கள் என்று ஏசுகிறார்கள். அந்தப் பயத்தை விதைத்தது யார்? அவசர நிலையில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை, மற்றவை பிறகு என்று 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடைபட்ட ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டின் விலைக்கு 2017இல் உச்சவரம்பு வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகும் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் விட்டுவிட்டு மகன் அட்வான்ஸ் கட்ட ஏ.டி.எம். தேடி ஓடும் நிலையை வைத்திருக்கும் தனியார் மருத்துவமனைகள் வெட்கப்பட வேண்டும்.

அரசுக்கு வழி தெரியாமல் இல்லை. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களோடு இணைத்து நடத்திய திட்டத்தில், தீவிர மாரடைப்பு வந்தவர்களின் ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை நிலையங்களுக்கும் முதலுதவி மாத்திரைகள் தரப்பட்டன. நல்ல திட்டங்கள்தான். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசி பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று எந்த ஊர்க்காரருக்குத் தெரியும்? தெரியாததால்தான் நோயாளியை பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறார்கள்.

நெஞ்சுவலியோடு வருகிறவருக்குப் பத்து நிமிடத்தில் ஈ.சி.ஜி., வசதி இல்லையென்றால் அக்கணமே 108 என்று ஒவ்வொரு கிளினிக்குக்கும் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். மீறுகிறவர்களை மருத்துவக் கவுன்சில் விசாரிக்க வேண்டும். அட்வான்ஸ் கேட்டுச் சிகிச்சையை நிறுத்தி வைக்கும் மருத்துவமனையின் பதிவை ரத்துசெய்ய வேண்டும். இரவிலும் சிகிச்சை கிடைக்கும் இடத்தின் பெயர் ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் எங்கே தவறு நடந்தது என்று அலசி ஆராயும் வழக்கம் இந்த மாநிலத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்த இறப்புகள் குறைந்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதே தணிக்கையை மாரடைப்பு மரணங்களுக்கும் மாவட்டந்தோறும் தொடங்குங்கள். வீட்டில் எத்தனை மணி நேரம், கிளினிக்கில் எத்தனை, வழியில் எத்தனை, பணம் கட்டும் கவுண்டரில் எத்தனை என்று பிரித்து, ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வையுங்கள்.