வேதத்தின் அதிகாரம் எழுத்திலா உளது?

நம் மாணவரிடையே நடைபெறும் வேதபாடக் கூட்டங்கள் சிலவற்றில் ஒரு கொள்கை ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல் எடுத்துரைக்கப்படுகின்றது. விவிலியத்தின் ஒவ்வோர் எழுத்தும் கடவுள் சொல்ல மனிதர் எழுதியதாம்; ஆதலின் அதனை மூலபாடத் திறனாய்வுக்கு உட்படுத்துதல் அவிசுவாசமாம். அத்தகைய கூட்டமொன்றில் பிரதிகளுக்கிடையேயுள்ள வேறுபாடுகள் பற்றி வினவினேன். "தம்பி, சோதனைக்குப் படிக்கிறதை இங்கே கொண்டுவர வேண்டாம்" என்பதே எனக்குக் கிடைத்த விடை. கலித்தொகையின் பாடபேதங்களைக் காலையில் ஒப்புநோக்கக் கற்கும் மாணவன், மாலையில் அவ்வறிவை வாயிற்படியிலே செருப்புடன் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேதத்தைத் திறத்தல் வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே எனது துணிபு. விவிலியம் இறைவனால் ஏவப்பெற்றது என்பதை நான் மறுக்கவில்லை, அதனை விசுவசிக்கின்றேன். எழுத்துக்கு எழுத்து சொல்லி எழுதுவிக்கப்பட்டது என்னும் கொள்கையையே மறுக்கின்றேன். இக்கொள்கை வேதத்தை உயர்த்துவதாகத் தோன்றினும், உண்மையில் வேதமே தன்னைப்பற்றிக் கூறுவதைக் கேளாது விடுகின்றது.

இக்கொள்கையினர் முதலிற் காட்டுவது தீமோத்தேயுவுக்கு எழுதப்பெற்ற இரண்டாம் நிருபத்தையாகும். அங்கு வரும் 'தெயோப்நெயுஸ்தொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் 'கடவுளின் மூச்சினாலானது' என்பது பொருள். மூச்சு உயிர்ப்பிப்பது, அது எழுத்தாணியைப் பிடித்து நடத்துவதன்று. மேலும், அந்நிருபம் எழுந்த காலத்தில் புதிய ஏற்பாடு என்றொரு தொகுப்பே இருக்கவில்லை. இன்றுள்ள 27 நூல்களை மட்டும் கொண்ட பட்டியலை முதன்முதலாகக் கி.பி. 367 இல் அதனாசியு விடுத்த நிருபத்திலேதான் காண்கின்றோம்.

இனி ஆசிரியர்கள் கூறுவதைக் கேட்போம். லூக்கா தமது நற்செய்தியின் முகப்பிலே, முன்னையோர் எழுதியவற்றைக் குறிப்பிட்டு, தாமும் யாவற்றையும் ஆராய்ந்து முறைப்படுத்தி எழுதுவதாகக் கூறுகின்றார். சொல்வதை மட்டும் எழுதுபவனுக்கு ஆராய்ச்சி எதற்கு? கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலே, தாம் திருமுழுக்குக் கொடுத்தோர் இன்னார் எனக் கூறிய பவுல், வேறு எவருக்கேனும் கொடுத்தேனோ நினைவில்லை என்கின்றார். அந்நிருபத்தின் ஏழாம் அதிகாரத்திலே ஆண்டவரின் கட்டளை எது, தமது கருத்து எது எனப் பிரித்தும் காட்டுகின்றார். மறதியையும் கடவுளா சொல்லி எழுதுவித்தார்? எரேமியாவின் சுருளை அரசன் யோயாக்கீம் துண்டுதுண்டாக வெட்டி நெருப்பிலிட்டான். பாரூக்கு மீண்டும் எழுதியபோது அவை போன்ற வேறு பல சொற்களும் சேர்க்கப்பட்டன என வேதமே ஒளிக்காது கூறுகின்றது.

மூலத்தைவிட்டு மொழிபெயர்ப்புக்கு வருவோம். தரங்கம்பாடியிற் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சு நிறைவெய்தியது. அதன்பின் பப்ரீசியஸ், இரேனியஸ் ஆகியோர் திருத்தியும் புதுக்கியும் எழுதினர். பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். நாவலர் இறுதிவரை சைவராகவே வாழ்ந்தவர். 1854 இல் 'சைவதூஷண பரிகாரம்' இயற்றியவர். அவரது தமிழும் வேதத்துக்குள் நுழைந்தது. பின்னர் பவர் தலைமையில் 1871 இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பு வந்தது. இவற்றுள் எந்தத் தமிழெழுத்து கடவுளின் எழுத்து?

யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், பரலோகத்துச் சாட்சிகள் மூவரைப்பற்றிய வாக்கியம் பழைய தமிழ் வேதாகமத்தில் உண்டு. தொன்மையான கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. எராஸ்மஸ் தமது 1516 ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைச் சேர்க்கவில்லை; எதிர்ப்பு எழுந்தபின் 1522 ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்த்தார். எழுத்துக்காக வாதிடுவோர் எந்த ஆண்டின் எழுத்துக்காக வாதிடுகின்றனர்?

"ஒரு பிழையை ஒப்பினால் யாவும் சரிந்துவிடுமே" என்பர். சரியாது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதனாற் கலித்தொகை சிறுத்ததா, அன்றி நமக்குக் கிடைத்ததா? இறையனார் களவியலின் 60 சூத்திரங்களை இறைவனே அருளினான் என்பது மரபு. அவற்றுக்கும் உரை காண மனிதர் வேண்டியிருந்தது. எவ்வுரை மெய்யுரை எனத் தேர்தலும் வேண்டியிருந்தது. தேவாரம் பாடியோரின் பெயரும் ஊரும் நமக்குத் தெரியும். அதனாற் சைவர் அதனை அருள்வாக்கு அன்று என்றனரா? மனிதக் குரலில் இறைவன் பேசுதல் தமிழருக்குப் புதிதன்று.

இது வெறும் ஏட்டுத் தர்க்கமுமன்று. தென்னாபிரிக்காவின் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை 1974 இல் வெளியிட்ட அறிக்கை, பாபேல் கோபுரக் கதையைத் துணைக்கழைத்து இனப் பிரிவினைக்கு நியாயம் தேடியது. அத்திருச்சபை நிறத்தின் பெயரால் ஒதுக்கி வைத்திருந்த மிஷன் திருச்சபையோ, அதே விவிலியத்தைக் கையிலேந்தி அப்பிரிவினையை மறுத்தது. 1986 இல் பெல்ஹார் அறிக்கையை ஏற்றது. இரு சாராரிடமும் இருந்த எழுத்து ஒன்றே. எழுத்தே அதிகாரம் என்றால் இவர்களுக்கிடையே தீர்ப்பு ஏது? எழுத்தைக் காட்டி வாயடைப்பவன் ஈற்றில் நிலைநாட்டுவது தன் அதிகாரத்தையே, வேதத்தின் அதிகாரத்தையன்று.

வேதத்தின் அதிகாரம் அது நம்மை நியாயந்தீர்ப்பதிலே உளது. விதவையையும் அந்நியனையும் ஒடுக்குகின்றவனை அது குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. சிலுவையில் அறையப்பட்டவனைக் காட்டி, நீ எப்பக்கம் என வினவுகின்றது. அவ்வினாவிலிருந்து நழுவுவதற்கு எழுத்தெண்ணிக்கை நல்லதோர் ஒளிவிடமாகும்.

ஆதலின் நண்பர்காள், நமது துறையிற் கற்ற ஒப்புநோக்கும் கண்ணோடேயே வேதத்தைத் திறப்போம். உண்மையை ஆராய்வதால் உடைந்துபோகும் வேதம் கடவுளுடையதாக இருத்தல் இயலாது. கடவுளுடையதாயின், நம் ஆராய்ச்சியை அது தாங்கும். அதன் ஆராய்ச்சியை நாம் தாங்குவோமா என்பதே அஞ்சவேண்டிய வினா.